கே.பி.எஸ். பாடல்களோடு ஆடியும் ஆவணியும்

ஆடி 3

களக்காட்டுப் பக்கத்தில் ஓர் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவில் பாட இன்று பேசி முடித்தார்கள். நாடகத்திலும் படத்திலும் பாடி நடித்த கே.பி. சுந்தராம்பாளின் பாடல்களை மட்டும் இரண்டு மணி நேரம் பாட வேண்டும். முன்பணம் கொடுத்த பெரியவர், "கே.பி.எஸ். அம்மா மாதிரியே வெள்ளச் சேல கட்டி, நெத்தி நெறையத் துண்ணூறு பூசிட்டு வந்திருங்கம்மா" என்றார். கதர்ச் சேலையும் திருநீறும் சரி, ஆனால் குங்குமத்தை அழித்துவிட்டு மேடை ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். 1933இல் அவர் கணவரும் நாடகப் பாடகருமான எஸ்.ஜி. கிட்டப்பா தம் 27ஆம் வயதில் மறைந்தபோது சுந்தராம்பாள் ஏற்றுக்கொண்ட கோலம் அது. அதை அவர் 1980இல் மறையும் வரை சுமந்தார். அவருடைய பாட்டை நான் எடுத்துக்கொள்ளலாம். அவருடைய துக்கத்தை ஒப்பனையாக எடுத்துக்கொள்ள எனக்கு உரிமையில்லை.

கேட்பவர்களின் பக்கம் நின்று பார்த்தாலும் இதுவே சரியென்று படுகிறது. வேடம் முழுமையாக இருந்தால், முகம் ஒத்திருக்கிறதா, மூக்கு ஒத்திருக்கிறதா என்று பார்ப்பதிலேயே அவர்களுடைய கவனம் போய்விடும். அவர்கள் கேட்க வேண்டும் என்பதே என் ஆசை.

ஆடி 11

கொடை நல்லபடியாக நடந்தது. வில்லுப்பாட்டு முடிந்து எங்கள் முறை வந்தபோது மைதானம் பாதி கலைந்திருந்தது. வளையல் கடையிலும் பஜ்ஜிக் கடையிலும் கூட்டம் நின்றது. இப்படிப்பட்ட நேரத்தில் "அனைவரும் வந்து அமருங்கள்" என்று மைக்கில் கூவுவது எனக்குப் பிடிக்காது. மிருதங்கமும் ஆர்மோனியமும் காத்திருக்க, சுருதிப் பெட்டியை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு விருத்தத்தை எடுத்தேன். தாளம் இல்லாத பாட்டுக்கு ஒரு தனிச் சக்தி உண்டு. அடுத்த சொல் எப்போது வரும் என்று தெரியாததால் கேட்பவர் காதைத் தீட்டிக்கொள்கிறார். மூன்றாம் அடிக்கு வருவதற்குள் கடைகளின் முன் நின்றவர்களில் பலர் மேடைப் பக்கம் திரும்பிவிட்டார்கள்.

அதற்கு முன்பே சவுண்டு சர்வீஸ் தம்பியிடம் இரண்டு உதவிகள் கேட்டிருந்தேன். முதலாவது, எக்கோவைச் சுத்தமாக எடுத்துவிட வேண்டும். கொடை மேடைகளில் எக்கோ வைத்தால்தான் குரல் கம்பீரமாகும் என்றொரு நம்பிக்கை இருக்கிறது. சுந்தராம்பாளோ மைக் இல்லாத நாடகக் கொட்டகையில் கடைசி வரிசை வரைக்கும் சொல்லைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர். அவர் பாட்டில் ழகரமும் றகரமும் உடையாமல் விழ வேண்டும். எக்கோவில் ஒரு சொல்லின் வால் அடுத்த சொல்லின் தலைமேல் ஏறிக்கொள்ளும். இரண்டாவது, கூட்டத்தின் மேல் எரியும் குழல்விளக்குகளை அணைக்கக் கூடாது. முகம் தெரியாமல் என்னால் பாட முடியாது.

1965இல் வந்த திருவிளையாடல் படத்தில் ஔவையாராக அவர் முருகனைச் சமாதானப்படுத்தும் பாட்டைத் தொடங்கியதும், முன்வரிசையில் இருந்த ஓர் ஆச்சியின் உதடுகள் அசைவதைக் கண்டேன். பல்லவியின் கடைசிச் சொல்லை நான் பாடாமல், அவரைப் பார்த்துக் கையை நீட்டினேன். அவர் பாடிவிட்டார், அவரைச் சுற்றி இருந்தவர்களும் பாடிவிட்டார்கள். அதன் பிறகு ஒவ்வொரு சுற்றிலும் அந்தச் சொல் அவர்களுடையதாகிவிட்டது. இறங்கியதும் ஆச்சி என் கன்னத்தைத் தடவி, "ஏளா, பொட்டோட பாடினதுதான் எனக்குப் பிடிச்சிருந்து" என்றார்.

ஆடி 18

இன்று ஒத்திகை மட்டும். பாட்டின் நடுவே அன்பளிப்பு அறிவிக்கும் வழக்கத்தைப் பற்றித்தான் பக்கவாத்தியக்காரர்களோடு அதிக நேரம் பேசினோம். ஊரார் மனமுவந்து கொடுக்கிற பணத்தை மறுப்பது மரியாதையாகாது. ஆனால் அனுபல்லவியில் மனம் கரைந்து நிற்பவரை ஒரு பெயரும் நூறு ரூபாயும் உலுக்கிவிடுகின்றன. மூன்று பாட்டுக்கு ஒரு முறை நானே பெயர்களைச் சேர்த்து வாசித்து நன்றி சொல்வது என்று முடிவு செய்திருக்கிறோம்.

பழைய இசைத்தட்டுப் பாடல்களை எவ்வளவு விரிக்கலாம் என்பதும் பேச்சில் வந்தது. அந்தத் தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிடம்தான் கிடைக்கும். அந்த மூன்று நிமிடத்தையே மனப்பாடமாக வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எந்த இடத்தில் எந்தப் பிருகா, அதாவது வேகமான குரல் சுழற்சி, விழும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆகவே எல்லா இடங்களிலும் கை வைக்காமல் ஒரே ஓர் அடியை மட்டும் விரிக்கிறேன்.

ஆவணி 6

செங்கோட்டை. கிட்டப்பா 1906இல் பிறந்த ஊர். இந்த ஊரில் பாடப் போகிறேன் என்பதாலேயே தொண்டை வறண்டிருந்தது.

சாரல் விட்டுவிட்டு அடித்தது. ஈரக்காற்றில் மிருதங்கத்தின் தோல் தளர்ந்து சுருதி இறங்கிக்கொண்டே இருந்ததால், இரண்டாம் பாட்டுக்குப் பிறகு மிருதங்கக்காரர் கல்லை எடுத்துத் தட்டி ஏற்ற வேண்டியதாயிற்று. அந்த இடைவெளியில் கூட்டம் எழுந்துவிடும் என்பது மேடைக்காரர்கள் அனைவருக்கும் தெரியும். நான் கதையைத் தொடங்கினேன். கொடுமுடியில் பிறந்த பெண்ணும் செங்கோட்டைப் பிள்ளையும் 1926இல் இலங்கையில் நாடகம் ஆடப்போன இடத்தில் சந்தித்ததையும், அடுத்த ஆண்டு மணந்ததையும், வள்ளி திருமணத்தில் அவர் வள்ளியாகவும் இவர் வேலனாகவும் நின்று மாறி மாறிப் பாடியதையும் சொன்னேன். அந்த நாடகத்தை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகள் தூத்துக்குடிப் பக்கத்தில் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர் என்று நான் சேர்த்தபோது கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. உடனே ஒரு பெரியவர், கிட்டப்பா இருந்தபோது செங்கோட்டை திருவிதாங்கூர்ச் சமஸ்தானத்தில் இருந்தது, 1956இல்தான் நம்மோடு சேர்ந்தது என்று எழுந்து நின்று சொன்னார். அவர் பேசி முடிக்கும் வரை நான் மைக்கைத் தாழ்த்திக்கொண்டேன். மக்கள் பேசத் தொடங்கிவிட்ட கச்சேரியில் பாடுவதைப் போன்ற மகிழ்ச்சி வேறில்லை.

முடிவில் அதே பெரியவர் மேடையருகே வந்து, "வள்ளி மட்டும் பாடினா போதுமாம்மா? வேலன் எங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. கிட்டப்பா பாடிய உச்ச ஸ்தாயியில் நின்று பதில் சொல்ல ஓர் ஆண்குரல் வேண்டும். கடையநல்லூரில் கோயில் பஜனையில் பாடும் இளைஞர் ஒருவரைப் பற்றி ஆர்மோனியக்காரர் சொன்னார். வரும் ஞாயிறு காலை அவரை வரச்சொல்லியிருக்கிறேன். என் சுருதியான ஐந்து கட்டையிலேயே அவரைப் பாடவைத்துக் கேட்க வேண்டும்.