பொட்டு வைத்த கை

போன ஆவணியில் பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்து ஈரோட்டில் ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். அவளுக்கு அப்போது மூன்றரை வயது. கிளம்பிய அவசரத்தில் மாற்றுத்துணி, ஃபிளாஸ்க், பழைய ரிப்போர்ட் எல்லாம் எடுத்தோம். அவள் கட்டிக்கொண்டு தூங்கும் துணிப்பூனையை மட்டும் விட்டுவிட்டோம். ட்ரிப்ஸ் ஏற்றுவதற்காக இடது கையில் ஊசி குத்தி, அடியில் அட்டை வைத்துக் கட்டியிருந்தார்கள். அதற்குப் பிறகு யார் பக்கத்தில் போனாலும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். என்னிடமும் பேச்சில்லை. ஊசி போடும்போது அவளை அமுக்கிப் பிடித்தவன் நான்தானே.

இரண்டாம் நாள் ராத்திரி, மனைவியின் கைப்பையில் ஸ்டிக்கர் பொட்டு அட்டை கண்ணில் பட்டது. கறுப்புப் பொட்டு இரண்டை உரித்து என் வலது கையில் விரல் முட்டிகளின் மேல் ஒட்டினேன். நான்கு விரலையும் சேர்த்து லேசாக வளைத்துக் கட்டைவிரலைக் கீழே கொடுத்தால் வாய் ஆகிவிட்டது. கட்டில் கம்பிக்குப் பின்னாலிருந்து மெதுவாக எட்டிப் பார்க்க வைத்தேன்.

வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "யாரு நீ?"

"குட்டான்."

"அது என்ன?" என் மோதிரத்தைக் காட்டினாள்.

"மூக்குத்தி."

"பையன் மூக்குத்தி போடமாட்டான்."

"நான் போடுவேன்."

அதை ஒத்துக்கொண்டாள். எங்கே வலிக்குது கண்ணு என்று நான் கேட்டபோதெல்லாம் தலையை மட்டும் ஆட்டியவள், குட்டானின் சுண்டுவிரல் பக்கமாகக் குனிந்து "தொண்டை" என்று ரகசியம் சொன்னாள். மறுநாளிலிருந்து எல்லா மருந்தும் முதலில் குட்டானுக்கு ஒரு ஸ்பூன், பிறகு அவளுக்கு.

என்னால் இன்றும் மறக்க முடியாத விஷயம் ஒன்று உண்டு. குட்டானுக்கு ஒரு சாண் தள்ளி என் முகம் இருந்தது. என் உதடு அசைவதை நான் மறைக்கவே இல்லை. அவள் ஒருமுறைகூட நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை. அது அப்பாவின் கை என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். நகம் தெரிகிறது, முடி தெரிகிறது, மோதிரம் தெரிகிறது. இருந்தும் அது குட்டான்தான். நம் ஊர்த் தோல்பாவைக் கூத்தில் திரைக்குப் பின்னால் கை ஒளிந்திருக்கும், பொம்மலாட்டத்தில் மேலே ஒளிந்திருக்கும். இங்கே ஒளிக்க ஒன்றுமே இல்லை. குழந்தை தெரிந்தேதான் நம்புகிறது. அதை ஏமாறுவது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவள் எனக்குத் துணைக்கு வந்தாள் என்றுதான் சொல்வேன்.

வீட்டுக்கு வந்த பிறகு, இப்படி வேறு யாராவது செய்திருக்கிறார்களா என்று தேடினேன். 'ஊபி' கிடைத்தது. அமெரிக்காவில் நாகின் என்ற குழந்தைகள் சேனலில் 2000இல் சின்னச் சின்னத் துண்டுகளாகத் தொடங்கி 2005 வரை வந்த நிகழ்ச்சி. 'செசமி ஸ்ட்ரீட்' என்ற குழந்தைகள் நிகழ்ச்சிக்கு எழுதிய ஜாஷ் செலிக் உருவாக்கியது. பொம்மைக் கலைஞர்கள் பழகும்போது வெறுங்கையில் கண்ணை மாட்டித்தான் வாயசைக்கப் பழகுவார்கள். அந்த வெறுங்கையே இங்கே கதாபாத்திரம். ஊபி, தங்கை ஊமா, தாத்தா கிராம்பூ, சிவப்புக் குல்லாய் போட்ட நண்பன் காக்கோ. குல்லாயைக் கழற்றினால் வெறும் கை. ஒன்றிரண்டு சொல்லில்தான் பேசுவார்கள். அதைப் பார்த்த பிறகு குட்டானும் "எனக்கு ரொம்பப் பசிக்குதே" என்பதை விட்டு, "குட்டான் பசி" என்று பேச ஆரம்பித்தான். பாப்பா அவனுக்கு முழு வாக்கியம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினாள்!

இன்னும் பின்னால் போனால் மாஸ்கோவில் செர்கேய் ஒப்ரஸ்த்சோவ் (1901-1992). பெரிய பொம்மலாட்ட அரங்கையே கட்டி நடத்தியவர், சில ஆட்டங்களுக்குப் பொம்மையைக் கழற்றி வைத்துவிட்டு, இரண்டு ஆள்காட்டி விரல்களிலும் ஆளுக்கொரு மரப்பந்தைச் செருகிக்கொண்டு வருவார். பந்து தலை, உள்ளங்கையும் மற்ற விரல்களும் உடம்பு. சாய்கோவ்ஸ்கியின் காதல் பாட்டுக்கு அந்த இரண்டு கைகளும் காதலர்களாகத் தயங்கும், நெருங்கும். அவ்வளவு சின்ன அசைவில் அவ்வளவு வெட்கத்தை நான் எந்தப் பொம்மையிடமும் பார்த்ததில்லை. துணியும் பஞ்சும் இல்லாததால் விரலின் நடுக்கம் அப்படியே வந்து சேர்கிறது.

நானும் பழகினேன். பேசும்போது மேலே இருக்கும் நான்கு விரலையும் தூக்கக்கூடாது. தூக்கினால் கண் இரண்டும் கூரையைப் பார்க்கும். கட்டைவிரலைத்தான் கீழே இறக்க வேண்டும். 'அம்மா' என்றால் திறந்து, மூடி, திறக்க வேண்டும். 'சாப்பிட்டியா'வுக்கு எல்லா எழுத்துக்கும் திறந்தால் வாத்து மாதிரி ஆகிவிடும். 'சா'வுக்கும் 'யா'வுக்கும் நன்றாகத் திறந்தால் போதும். பேசாத நேரத்தில் கை சும்மா இருக்கக்கூடாது, மூச்சு விட வேண்டும். இதுதான் எனக்குக் கடைசியில் வந்தது, இன்னும் முழுதாக வரவில்லை.

என் அம்மாயி, என் உள்ளங்கையில் தன் முழங்கையை வைத்துப் பருப்பு கடைந்து, ஆளுக்கொரு வாய் ஊட்டி, நண்டூருது நரியூருது என்று இரண்டு விரலை அக்குள் வரை நடக்க விடுவாள். அந்த இரண்டு விரல் எனக்கு நிஜ நண்டு. அதை நான் பாப்பாவுக்குச் செய்ததே இல்லை என்பது ஆஸ்பத்திரியில்தான் உறைத்தது.

மூன்றாம் நாள் மதியம் நான் கண்ணயர்ந்துவிட்டேன். விழித்தபோது பொட்டு அட்டை அவள் மடியில் இருந்தது. கட்டுப் போட்ட இடது கையின் விரல்களில், கோணல்மாணலாக இரண்டு சிவப்புப் பொட்டு.

"இவ அக்கா. வாயைக் கட்டிட்டாங்க. பேசமாட்டா."

குட்டான் கேட்டான், "அக்காவுக்கு என்ன?"

"ஊசி போட்டாங்க. அப்பா புடிச்சுக்கிட்டாரு. அழுதா."

"இப்ப?"

"இப்ப தூங்கறா. நீ சத்தம் போடாத."

வீட்டுக்கு அனுப்பிய அன்று சிஸ்டர் வந்து ஊசியை எடுத்து, கட்டையும் அட்டையையும் பிரித்தார். பாப்பா அழவில்லை. ஒரு பொட்டு எங்கோ விழுந்துவிட்டிருந்தது. மீதி இருந்த ஒற்றைக் கண்ணோடு, கட்டின் தடம் பதிந்திருந்த அந்தக் கையை மெதுவாக, ரொம்ப மெதுவாக விரித்தாள்.

"அக்கா கொட்டாவி விடறா," என்றாள்.