வேலி, வாளி, பால் பலகை: யூசாக்கோ வெண்கலக் கணக்குகள் செய்து பார்த்ததில்

நிரல் எழுதித் தீர்க்கும் கணக்குகள் கொண்ட ஆன்லைன் போட்டியான அமெரிக்கக் கணினி ஒலிம்பியாடைச் சுருக்கமாக யூசாக்கோ என்பார்கள். யார் சேர்ந்தாலும் முதலில் வெண்கலப் பிரிவுதான். அதைத் தாண்டினால் வெள்ளி, தங்கம், பிளாட்டினம். எந்த நாட்டிலிருந்தும் சேரலாம், கட்டணம் கிடையாது. பெரும்பாலான கணக்குகளில் ஃபார்மர் ஜான் என்ற பண்ணைக்காரரும் பெஸ்ஸி என்ற பசுவும் வந்துவிடுவார்கள். பழைய போட்டிகளின் கணக்கு, டெஸ்ட் டேட்டா (நிரலைச் சோதிக்கும் உள்ளீடுகள்), விடை விளக்கம் மூன்றும் தளத்திலேயே கிடைக்கும் என்பதால் பழகுவதற்கு இதைவிட நல்ல இடம் அமைவது அரிது.

வெண்கலத்துக்குப் பெரிய அல்காரிதம் எதுவும் வேண்டாம். லூப் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வது), அரே (எண்களின் பட்டியல்), சார்ட் (வரிசைப்படுத்துவது) தெரிந்தால் போதும். இடறுவது வேறு இடத்தில்: கதையில் வரும் ஒரு வாக்கியத்தைத் துல்லியமான விதியாக மாற்றும்போது. கணக்கோடு தரும் சாம்பிள் (மாதிரி உள்ளீடும் அதன் விடையும்) சில தப்புகளைப் பிடிக்கும், சிலவற்றை அப்படியே விட்டுவிடும். அதனால் ஒவ்வொரு கணக்கிலும் சாம்பிள் எதைப் பிடித்தது, எதை விட்டது என்பதையும் சேர்த்தே இங்கே குறித்திருக்கிறது.

முதலில் ஒரு சின்ன விஷயம். 2020 டிசம்பருக்கு முந்தைய கணக்குகள் உள்ளீட்டைக் கோப்பிலிருந்து படித்து, விடையையும் கோப்பில்தான் எழுதக் கேட்கும். கோப்பின் பெயர் கணக்கிலேயே இருக்கும். அதைக் கவனிக்காமல் கீபோர்டில் இருந்து படிப்பதுபோல எழுதி அனுப்பினால், லாஜிக் முழுக்கச் சரியாக இருந்தாலும் எல்லா டெஸ்ட்டும் விழும்.

ஃபென்ஸ் பெயின்டிங், 2015 டிசம்பர்

ஃபார்மர் ஜான் வேலியில் 7லிருந்து 10 வரை பெயின்ட் அடிக்கிறார். பசு 4லிருந்து 8 வரை அடிக்கிறது. மொத்தம் எவ்வளவு நீளத்துக்குப் பெயின்ட்? விடை 6.

எண்கள் 100ஐத் தாண்டாது என்பதால் ஒரு அரே எடுத்து, அடித்த இடத்தை எல்லாம் குறித்துவிட்டு எண்ணலாம். இங்கேதான் பலரும் சறுக்குவார்கள். 7 முதல் 10 வரை இரண்டு முனையையும் சேர்த்துக் குறித்தால் நான்கு கட்டம், 4 முதல் 8 வரை ஐந்து கட்டம். சேர்த்துப் பார்த்தால் 4 முதல் 10 வரை ஏழு கட்டம். விடை 7 என்று வந்து நிற்கும். எண்ணியது வேலிக்கால்களை, கேட்டதோ கால்களுக்கு இடைப்பட்ட நீளத்தை.

சரி, கடைசியில் ஒன்றைக் கழித்துவிடலாம் என்று ஒட்டுப்போட்டால் சாம்பிள் சரியாகிவிடும், கணக்கு சரியாகாது. 1–3, 5–8 என்று தனித்தனித் துண்டுகளாகக் கொடுத்துப் பாருங்கள். கால்கள் 3 + 4 = 7, ஒன்று கழித்தால் 6. உண்மையான நீளம் 2 + 3 = 5. தொடங்கும் எண்ணைச் சேர்த்து, முடியும் எண்ணை விட்டுக் குறிப்பதுதான் சரியான வழி. அப்போது 7ஆம் கட்டம் என்றால் 7க்கும் 8க்கும் நடுவில் உள்ள துண்டு என்று பொருளாகும். அரே இல்லாமலும் முடிக்கலாம்: இரண்டு நீளத்தையும் கூட்டி, இரண்டுக்கும் பொதுவான பகுதியைக் கழிக்க வேண்டும். பொதுவான பகுதி என்பது சின்ன முடிவிலிருந்து பெரிய தொடக்கத்தைக் கழித்தது. அது மைனஸில் போனால் பூஜ்ஜியம் என்று கொள்ள வேண்டும்.

அதே போட்டியின் அடுத்த கணக்கான ஸ்பீடிங் டிக்கெட்டும் இதே அச்சுதான். 100 மைல் சாலைக்கு இரண்டு அரே: ஒன்றில் ஒவ்வொரு மைலுக்கும் வேக வரம்பு, மற்றொன்றில் பெஸ்ஸி போன வேகம். பெஸ்ஸி வரம்பை அதிகபட்சம் எவ்வளவு மீறியது என்பதுதான் கேள்வி; வேகத்திலிருந்து வரம்பைக் கழித்துப் பெரியதை எடுத்தால் முடிந்தது. துண்டு துண்டாக ஒப்பிட முயன்றால் தேவையில்லாத தலைவலி.

மிக்ஸிங் மில்க், 2018 டிசம்பர்

மூன்று வாளி. 1லிருந்து 2க்கு, 2லிருந்து 3க்கு, 3லிருந்து 1க்கு என்று சுற்றிச் சுற்றி மொத்தம் 100 முறை ஊற்ற வேண்டும். கொடுக்கும் வாளி காலியானாலோ வாங்கும் வாளி நிறைந்தாலோ ஊற்றுவது நின்றுவிடும். சாம்பிளில் கொள்ளளவு 10, 11, 12. பால் 3, 4, 5. கையால் போட்டால் இப்படி நகரும்:

3 4 5 → 0 7 5 → 0 0 12 → 10 0 2 → 0 10 2 → 0 0 12 → 10 0 2 …

ஊற்றும் அளவு என்பது, கொடுக்கும் வாளியில் உள்ள பால், வாங்கும் வாளியில் உள்ள காலியிடம், இவற்றில் சின்னது. இதை முதலில் தனி மாறியில் போட்டுவைத்துக்கொண்டு, பிறகுதான் ஒன்றில் கழித்து மற்றதில் கூட்ட வேண்டும். அப்படிச் செய்யாமல் இரண்டு வரியிலும் அளவைத் தனித்தனியாகக் கணக்கிட்டால் என்ன ஆகும்? இரண்டாவது ஊற்றில் 2ஆம் வாளியில் 7, 3ஆம் வாளியில் காலியிடமும் 7. முதலில் வரும் கூட்டல் வரி 3ஆம் வாளியை 12 ஆக்கிவிடும். இரண்டாவது வரி காலியிடத்தைத் திரும்பப் பார்க்கும்போது அங்கே இடமே இல்லை, ஆகவே 2ஆம் வாளியில் கழிவது 0. இப்போது மொத்தப் பால் 19. பசு கறக்காமலே பால் பெருகிவிட்டது. ஒவ்வொரு ஊற்றுக்குப் பிறகும் மூன்றையும் கூட்டி அச்சிட்டுப் பார்த்தால் இந்தத் தப்பு உடனே தெரிந்துவிடும். 12ஐ விட்டு நகரவே கூடாது.

இன்னொரு தப்பு, 100 முறை என்பதை 100 சுற்று என்று படிப்பது. 100 = 33 சுற்று + 1 ஊற்று. அதனால் கடைசி ஊற்று 1லிருந்து 2க்கு, விடை 0 10 2. 100 சுற்று ஓட்டினால் 10 0 2 வரும். இரண்டு தப்பையும் சாம்பிளே பிடித்துவிடுகிறது.

மில்க் மெஷர்மென்ட், 2017 டிசம்பர்

இந்தத் தொகுப்பிலேயே அதிகம் கற்றுக்கொடுத்தது இதுதான். பெஸ்ஸி, எல்ஸி, மில்ட்ரெட் மூன்றும் தொடக்கத்தில் தலா 7 கேலன் பால் தருகின்றன. அதிகம் தரும் பசுவின் படம் பலகையில் மாட்டப்படும். சமமாக இருந்தால் சமமான எல்லாப் பசுவின் படமும். அளவு மாறிய நாட்கள் பதிவேட்டில் முன்பின்னாக எழுதப்பட்டிருக்கின்றன. பலகை எத்தனை முறை மாறியது என்பதுதான் கேள்வி.

சாம்பிள்: 7ஆம் நாள் மில்ட்ரெட் +3, 4ஆம் நாள் எல்ஸி −1, 9ஆம் நாள் மில்ட்ரெட் −1, 1ஆம் நாள் பெஸ்ஸி +2. விடை 3.

நாள்வாரியாக அடுக்காமல் பதிவேட்டில் உள்ளபடியே ஓட்டினால் 2 வரும். ஒரே ஒரு பெயரை மட்டும் ‘முதலிடம்’ என்று வைத்துக்கொண்டாலும் 2தான். தொடக்கத்தில் மூன்றும் சமம். நிரல் பட்டியலின் முதல் பெயரான பெஸ்ஸியை எடுத்துக்கொள்ளும். 1ஆம் நாள் பெஸ்ஸி உண்மையாகவே முந்தும்போது மாற்றம் எண்ணப்படாமல் போய்விடும். இவை இரண்டும் சாம்பிளில் மாட்டிக்கொள்ளும்.

மாட்டாத தப்புகள்தான் ஆபத்து. பெயர்களைப் பார்க்காமல், பெரிய அளவு மாறியதா என்று மட்டும் பார்த்தால் 9, 9, 10, 9 என்று போய் அதிலும் 3 வந்துவிடும். சரியாகிவிட்டது என்று நம்பத் தோன்றும். இதைக் கொடுத்துப் பாருங்கள்: 1ஆம் நாள் பெஸ்ஸி +1, 2ஆம் நாள் பெஸ்ஸி +1. பலகை ஒரு முறைதான் மாறும், அந்த நிரலோ 2 என்று சொல்லும். அடுத்தது, நாளை எண்ணாக மாற்றாமல் எழுத்தாகவே வைத்து சார்ட் செய்வது. எழுத்து வரிசையில் 10 என்பது 9க்கு முன்னால் வந்துவிடும். சாம்பிளில் எல்லா நாளும் ஒற்றை இலக்கம் என்பதால் வெளியே தெரியவே தெரியாது.

செய்ய வேண்டியது: நாளை எண்ணாக்கி சார்ட் செய்து, ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் முதலிடத்தில் உள்ள பசுக்களின் தொகுப்பைப் புதிதாக எடுத்து, முந்தைய தொகுப்போடு முழுதாக ஒப்பிட வேண்டும். +3 என்பதில் உள்ள கூட்டல் குறியை நிரல் மொழிகளான பைத்தானும் சி++ம் தாமே புரிந்துகொள்ளும், அதை வெட்டி எடுக்க வேண்டியதில்லை.

லைவ்ஸ்டாக் லைனப், 2019 டிசம்பர்

எட்டுப் பசுக்களை வரிசையாக நிறுத்த வேண்டும். ‘பட்டர்கப், பெல்லாவுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும்’ என்பதுபோல ஏழு நிபந்தனை வரை வரும். பொருந்தும் வரிசைகளில் ஆங்கில அகரவரிசைப்படி முதலாவது எது?

மூளையைக் கசக்க வேண்டாம். எட்டுப் பசுவை 40,320 விதமாக நிறுத்தலாம், ஒவ்வொன்றுக்கும் ஏழு சோதனை என்றாலும் மூன்று லட்சத்துக்குள்தான். பைத்தானுக்குத் தரும் 4 நொடி, சி++க்குத் தரும் 2 நொடி இரண்டுமே தாராளம். பெயர்களை முதலில் சார்ட் செய்துவிட்டு வரிசைகளை உண்டாக்கினால் முதலில் பொருந்துவதே விடை. கணக்கில் பெயர்கள் பெஸ்ஸியில் தொடங்குகின்றன. அதை அப்படியே ஒட்டி, சி++இல் அகரவரிசைப்படி அடுத்த வரிசையைத் தரும் நெக்ஸ்ட் பெர்மியூட்டேஷனை ஓட்டினால் அதற்கு முந்தைய வரிசைகளை அது பார்க்கவே பார்க்காது. சாம்பிள் விடை பியாட்ரிஸில் தொடங்குவதால் தப்பு உடனே தெரியும். பக்கத்தில் என்பதை இடம், வலம் இரண்டு பக்கமும் சோதிக்க மறக்கக் கூடாது.

லோன்லி ஃபோட்டோ, 2021 டிசம்பர்

கர்ன்ஸி, ஹோல்ஸ்டீன் என்று இரண்டு இனம். அடுத்தடுத்து நிற்கும் மூன்றோ அதற்கு மேலோ பசுக்களைப் படம் எடுக்கும்போது, ஒரு இனத்தில் ஒரே ஒரு பசு இருந்தால் அது தனிமைப் படம். அப்படி எத்தனை என்று எண்ண வேண்டும். கர்ன்ஸியை க, ஹோல்ஸ்டீனை ஹ என்று கொண்டால் கஹகஹக என்ற வரிசைக்கு விடை 3.

இங்கே பசுக்கள் 5 லட்சம் வரை. எல்லாத் தொடக்கம், எல்லா முடிவு என்று ஓட்டினால் சுமார் 12,500 கோடி ஜோடி, நேரத்துக்குள் முடியவே முடியாது. மாற்றி யோசிக்க வேண்டும்: தனிமையில் நிற்கும் பசு எது என்று பிடித்துக்கொள்வது. அதன் இடப்பக்கம் தொடர்ந்து நிற்கும் மாற்று இனம் இ, வலப்பக்கம் வ. இரண்டு பக்கமும் நீளும் படங்கள் இ × வ. இடப்பக்கம் மட்டும் நீளுபவை இ − 1, வலப்பக்கம் மட்டும் நீளுபவை வ − 1. பூஜ்ஜியத்திலிருந்து ஒன்றைக் கழித்து −1 ஆகிவிடாமல் தடுக்க வேண்டும். தடுக்காவிட்டால் சாம்பிளில் இரண்டு ஓரப் பசுவும் தலா ஒன்றைத் தின்றுவிட்டு 1 என்று வரும்.

ஒவ்வொரு பசுவிலிருந்தும் இரண்டு பக்கமும் நடந்துபோய் எண்ணுவது மெதுவாகிவிடாதா என்ற சந்தேகம் நியாயமானது. ஆகாது. ஒரு தொடர் முழுவதையும் நடந்து எண்ணுபவை, அதன் இரண்டு முனையையும் ஒட்டி நிற்கும் மாற்று இனப் பசுக்கள் மட்டும்தான். மற்றவை முதல் அடியிலேயே நின்றுவிடும். மொத்த நடை பசுக்களின் எண்ணிக்கையைப் போல் சில மடங்குதான்.

சாம்பிள் பிடிக்காதது ஒன்று: 5 லட்சத்தில் நடுவில் ஒரே ஒரு மாற்றுப் பசு நின்றால் இ × வ மட்டுமே சுமார் 6,250 கோடி. 32 பிட் எண் 214 கோடிச் சொச்சத்தோடு நிரம்பிவிடும். சி++இல் 64 பிட் எண்ணாக அறிவித்தே ஆக வேண்டும். பைத்தானில் இந்தக் கவலை இல்லை.

கையில் இருப்பது: பேக் அண்ட் ஃபோர்த், 2018 டிசம்பர்

இரண்டு கொட்டகை, ஒவ்வொன்றிலும் ஒரு பால் தொட்டியும் பத்து வாளியும். செவ்வாய் முதல் வெள்ளி வரை தினம் ஒரு வாளிப் பால் அங்கும் இங்கும் போகிறது. முதல் தொட்டியில் கடைசியில் எத்தனை விதமான அளவு இருக்கக்கூடும்? 10 × 11 × 10 × 11 = 12,100 வழிகள், எல்லாவற்றையும் ஓட்டிவிடலாம். 11 வருவதற்குக் காரணம், செவ்வாய்க்கிழமை போன வாளி அந்தக் கொட்டகையிலேயே தங்கி, புதன்கிழமை அதுவே திரும்பவும் வரலாம் என்பதுதான். இப்போது வந்து நிற்கும் சிக்கல்: லூப் ஓடிக்கொண்டிருக்கும் பட்டியலிலிருந்தே வாளியை எடுத்தால் அடுத்த வாளி தாண்டிப் போய்விடுகிறது. ஒவ்வொரு நாளும் இரண்டு பட்டியலையும் நகல் எடுத்து, எடுப்பதும் சேர்ப்பதும் நகலில் நடக்கும்படி மாற்றியாகிறது.