அயோடின் விடுவதற்கு முன் செல்லை உயிரோடு பாருங்கள்

பள்ளி ஆய்வகத்தில் செல் என்றால் வெங்காயத் தோல்தான். தோலை உரித்ததும் ஒரு சொட்டு அயோடின் விடுவார்கள். மஞ்சள் கட்டங்களையும் நடுவில் தெரியும் பழுப்புப் புள்ளியையும் வரைந்து செல்சுவர், சைட்டோபிளாசம், உட்கரு என்று பெயர் எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். ஆனால் அயோடின் பட்ட செல் பிழைப்பதில்லை, அதனால் நோட்டில் ஏறுவது இறந்த செல்லின் படம். ஒவ்வொரு உறுப்பும் செய்யும் வேலையை மனப்பாடமாக ஒப்பிக்க வேண்டியிருப்பது இதனால்தான். அந்த வேலைகளில் சிலவற்றை, அவை நடந்துகொண்டிருக்கும்போதே, அதே நுண்ணோக்கியில் பார்க்க முடியும்.

முதலில் வெங்காயத்தையே எடுத்துக்கொள்வோம். சதைப்பற்றுள்ள செதிலின் குழிந்த பக்கத்தில் பிளேடால் 5 மி.மீ. சதுரம் கீறி, இடுக்கியால் மெல்ல உரித்து, உடனே ஸ்லைடில் இருக்கும் நீர்த்துளியில் விரியுங்கள். காற்றில் சில நொடிகள் இருந்தாலும் தோல் சுருண்டு காயத் தொடங்கும். கவர்ஸ்லிப்பைச் சாய்த்து, ஒரு விளிம்பை நீரில் தொட வைத்து, ஊசியால் தாங்கி மெதுவாக இறக்குங்கள். தட்டையாகப் போட்டால் காற்றுக்குமிழ் மாட்டிக்கொள்ளும். கறுத்த விளிம்போடு வட்டமாகத் தெரியும் அந்தக் குமிழை உட்கரு என்று வரைந்துவிடும் மாணவர்கள் நிறையப் பேர்.

இப்போது சாயம் வேண்டாம். 40 மடங்கு பொருளருகு லென்சை வைத்து, ஐரிஸ் டயஃப்ரத்தை முக்கால்வாசி மூடி, வெளிச்சத்தைக் குறையுங்கள். நிறமில்லாத உறுப்புகளை வேறுபடுத்திக் காட்டுவது இந்த மங்கல்தான். சுவரோரம் ஒதுங்கிய சாம்பல் நிற உட்கரு தெரியும், அதிலிருந்து மெல்லிய சைட்டோபிளாச இழைகள் கிளம்பும். அந்த இழைகளின் வழியே சுமார் 1 மைக்ரோமீட்டர் அளவுள்ள மணிகள் ஓடிக்கொண்டிருக்கும். அவற்றில் பல எண்ணெய்த் துளிகள். புழுபோல் வளைந்து நெளிந்து போகிறவை பெரும்பாலும் மைட்டோகாண்ட்ரியா. ஒரு திசையில் போகும் ஓட்டமும் நின்ற இடத்திலேயே நடுங்கும் நடுக்கமும் ஒன்றல்ல. வெறும் நடுக்கம் பிரௌனியன் இயக்கம், அது செத்த செல்லிலும் இருக்கும். (1827இல் அந்த நடுக்கத்தை ஆராய்ந்த ராபர்ட் பிரௌன்தான் 1831இல் உட்கருவுக்குப் பெயர் சூட்டியவரும்.) நன்றாகப் பார்த்த பிறகு கவர்ஸ்லிப்பின் ஓரத்தில் அயோடினை விட்டு, எதிர்ப்பக்கம் வடிதாளால் உறிஞ்சுங்கள். ஓட்டம் நிற்பதையும் உட்கரு பழுப்பாவதையும் ஒரே செல்லில் பார்க்கலாம்.

சாயத்தை நம்புவதில் பழைய சிக்கல் ஒன்று உண்டு. 1898இல் காமில்லோ கோல்கி வெள்ளி உப்பால் நரம்பு செல்களைக் கறுக்க வைத்து ஒரு வலைப்பின்னலைக் கண்டார். அது நிஜ உறுப்பா, சாயம் உண்டாக்கிய படிவா என்ற சண்டை அரை நூற்றாண்டு நீடித்தது. எலெக்ட்ரான் நுண்ணோக்கி வந்த பிறகு, 1950களில்தான் கோல்கை உறுப்பு ஐயமின்றி நிலைபெற்றது, அவர் கண்ட அந்த வலைப்பின்னலுக்குத்தான் இந்தப் பெயர். ஒளி நுண்ணோக்கியால் சுமார் 200 நானோமீட்டருக்குக் கீழே பிரித்துக் காட்ட முடியாது. ரைபோசோம் 20 முதல் 30 நானோமீட்டர், செல்சவ்வின் தடிமன் 10 நானோமீட்டர்கூட இல்லை.

அப்படியானால் செல்சவ்வை எப்படிப் பார்ப்பது? அது நிற்கும் எல்லையைப் பார்க்கலாம். அதற்கு ரோயோ என்ற அலங்காரச் செடியின் இலையில் ஊதா நிற அடிப்பக்கத் தோல் மிகப் பொருத்தமானது. ரோயோ கிடைக்காத இடத்தில் பெல்லாரி வெங்காயச் செதிலின் ஊதா படிந்த வெளிப்பக்கத் தோல் போதும். நிறமியான ஆந்தோசயனின், செல்லின் பெரும்பகுதியை அடைத்திருக்கும் நுண்குமிழுக்குள் கரைந்திருக்கிறது. 17 கிராம் சர்க்கரையை நீரில் கரைத்து 100 மி.லி. ஆக்கினால் ஏறக்குறைய 0.5 மோலார் கரைசல் கிடைக்கும். அதை ஓரத்தில் விட்டு எதிர்ப்பக்கம் உறிஞ்சினால், சில நிமிடங்களில் ஊதா நிறம் மூலைகளிலிருந்து விலகி நடுவில் உருண்டையாகத் திரளும். செல் நீரை இழந்து, அதன் உள்ளடக்கம் சுவரிலிருந்து சுருங்கி விலகும் இதுதான் பிளாஸ்மோலைசிஸ். உப்பானால் 2 கிராமுக்குச் சற்றுக் குறைவாகவே போதும், ஏனெனில் அதன் மூலக்கூறு எடை சர்க்கரையைவிட மிகக் குறைவு, நீரில் இரண்டு அயனிகளாகவும் பிரிகிறது.

சுவருக்கும் ஊதா உருண்டைக்கும் இடையே இருப்பது என்ன என்று கேட்டால் பலர் காற்று என்பார்கள், சிலர் வெற்றிடம் என்பார்கள். இருப்பது சர்க்கரைக் கரைசல். செல்சுவர் சர்க்கரையைத் தாராளமாக உள்ளே விடுகிறது, செல்சவ்வு விடுவதில்லை. சுவரும் சவ்வும் செய்யும் வெவ்வேறு வேலையை இவ்வளவு தெளிவாகக் காட்டும் சோதனை எனக்குத் தெரிந்து வேறில்லை. பிறகு கரைசலைப் பாதியாக நீர்த்து ஒருமுறை விட்டு, அடுத்துத் தண்ணீர் விட்டால் செல் பழையபடி விரியும். எடுத்த எடுப்பில் தண்ணீர் விட்டால் சில செல்கள் வெடிக்கும். அதிக நேரம் கரைசலிலேயே ஊறிய செல்லும் மீளாது. இன்னொரு தோல்துண்டைக் கொதிநீரில் ஒரு நிமிடம் முக்கி எடுங்கள். நிறம் வெளியே கசிந்துவிடும், சர்க்கரை விட்டாலும் சுருக்கம் வராது. சவ்வு கெட்டுப்போனால் பொருள்களைத் தடுத்து நிறுத்த ஆளில்லை.

சைட்டோபிளாசத்தின் ஓட்டத்தைப் பெரிதாகக் காண ஹைட்ரில்லா என்ற நீர்ச்செடி வேண்டும். இலை இரண்டு செல் அடுக்கு மட்டுமே கொண்டது, சீவ வேண்டியதில்லை. தண்டு நுனிக்கு அருகிலுள்ள இளம் இலையை, அது வளர்ந்த நீரிலேயே வைத்து, விளக்கு வெளிச்சத்தில் 10 முதல் 15 நிமிடம் விட்டுவிட்டுப் பாருங்கள். நடுநரம்பை ஒட்டிய நீண்ட செல்களில் பசுங்கணிகங்கள் வரிசையாகச் சுவரோரம் சுற்றிவரும். நடுவே அவை வராததற்குக் காரணம் அங்கே நுண்குமிழ் இருப்பதுதான். மையோசின் என்ற புரதம் ஆக்டின் இழைகளைப் பற்றி நகர்ந்து இந்த ஓட்டத்தை உண்டாக்குகிறது. ஒவ்வொரு அடிக்கும் செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறான ஏ.டி.பி. செலவாகிறது, அதில் பெரும்பங்கை மைட்டோகாண்ட்ரியா தருகின்றன. ஸ்லைடைப் பனிக்கட்டி மேல் சிறிது வைத்தால் ஓட்டம் தளரும், வெதுவெதுப்பானதும் திரும்பும்.

எதுவுமே நகரவில்லை என்றால் முதலில் இலையின் வயதைச் சந்தேகியுங்கள். குளோரின் கலந்த குழாய் நீர், குளிர்பதனப் பெட்டியில் இருந்த செடி, கவர்ஸ்லிப்பை விரலால் அழுத்தியது ஆகியவை அடுத்த காரணங்கள். எல்லாம் சரியாக இருந்தும் ஓட்டம் பாதியில் நின்றால் ஸ்லைடில் நீர் வற்றியிருக்கும். ஓரத்தில் ஒரு சொட்டு விட்டுச் சில நிமிடம் காத்திருங்கள்.