பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே கால் மில்லிமீட்டர்

ஜூன் 3

இன்று பல் கிடைத்தது. கம்பி போட இடம் போதாததால் ஒரு பையனுக்கு எடுத்த முன்கடைவாய்ப் பல். சொத்தை இல்லை, ஈறு வீக்கமும் இல்லை. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே அவன் அம்மா, "இதை வெச்சு என்னம்மா பண்ணுவீங்க?" என்று கேட்டார். பல்லை எலும்போடு கட்டிவைக்கும், வேரில் ஒட்டியிருக்கிற நார் வேண்டும், அதிலிருந்து செல் வளர்க்கப் போகிறேன் என்றேன், அவர் நம்பின மாதிரி தெரியவில்லை. பல்லை ஐஸ் பெட்டியில் போட்டுக்கொண்டு இரண்டு மாடி ஓட்டம். வேரின் நடுப்பகுதியை மட்டும்தான் சுரண்ட வேண்டும், மேலே போனால் ஈறு செல் வந்து கலந்துவிடும், நுனிப்பக்கம் போனால் பல்கூழ் செல். போன பல் பூஞ்சை பிடித்துக் குப்பைக்குப் போனதால் இந்தத் தடவை கழுவினேன், கழுவினேன், கழுவிக்கொண்டே இருந்தேன்.

ஜூன் 14

செல்கள் வந்துவிட்டன! நார்த் துணுக்கின் ஓரத்திலிருந்து ஒல்லியாக, நீளமாக, வரிசை கட்டிக்கொண்டு.

ஜூன் 22

ஓபியில் ஓர் ஆட்டோ ஓட்டுநர். கீழ்க் கடைவாய்ப் பல்லருகே எலும்பு கரைந்த குழியில் ஆறு மாதத்துக்கு முன் செயற்கை எலும்புத் துகள் வைத்திருந்தோம். இன்றைய எக்ஸ்ரேயில் குழி இருந்த இடம் வெள்ளையாக நிரம்பியிருக்கிறது, பல்லும் ஆடவில்லை, அவருக்கு ஒரே சந்தோஷம். "எலும்பு வந்திருக்கு மேம்" என்றேன். "வெள்ளையா தெரிஞ்சா எலும்புன்னு எழுதிடுவியா? நாம வெச்ச துகள், அந்த ஹைட்ராக்சிஅபடைட்டும் வெள்ளையாத்தான் தெரியும்" என்றார் கைடு மேம்.

வாயை மூடிக்கொண்டேன். வெட்டிப் பார்த்த திசுக்களில் பல நேரம் துகள்களைச் சுற்றி வெறும் இணைப்புத்திசு உறை போட்டிருக்கும், வேர்மேல் ஈறின் மேல்தோல் நீளமாக இறங்கி ஒட்டியிருக்கும். குழி அடைபட்டிருக்கும், ஆனால் பல்லையும் எலும்பையும் கட்டிப்போடும் அந்தக் கால் மில்லிமீட்டர் நார் திரும்ப வந்திருக்காது. காயத்துக்குள் எந்த செல் முதலில் போய்ச் சேருகிறதோ அதைப் பொறுத்துத்தான் ஆறும் விதம் என்று பல் ஆராய்ச்சியாளர் மெல்ச்சர் 1976இலேயே எழுதிவிட்டார். துகள் இடத்தைப் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். நாரையும், வேரைப் போர்த்தியிருக்கும் வேர்ச்சிமென்டையும் கட்டவேண்டியது செல். 2004இல் இந்த நாருக்குள்ளேயே ஸ்டெம் செல்கள் இருப்பதையும் காட்டிவிட்டார்கள். அப்படியானால் அந்தத் துகள் பக்கத்தில் இந்த செல் எப்படி நடந்துகொள்கிறது? என் தீசிஸ் இதுதான்.

ஜூலை 8

மூன்றாவது பாசேஜ், அதாவது வளர்ந்த செல்களைப் புதுத் தட்டுக்கு மாற்றுவது மூன்றாவது முறை. சோதிக்கப்போகும் எலும்புத் துகள்கள் மூன்று: ஹைட்ராக்சிஅபடைட், பீட்டா டிரைகால்சியம் பாஸ்பேட், பயோஆக்டிவ் கண்ணாடி. முதலாவது லேசில் கரையாது, இரண்டாவது அதைவிட வேகமாகக் கரையும், கண்ணாடி அயனிகளை வெளியே விட்டுவிட்டுத் தன்மேல் தானே எலும்புக் கனிமம் மாதிரியான அபடைட் படலம் போர்த்திக்கொள்ளும்.

ஜூலை 9

செல் வளர்க்கும் தட்டில் கண்ணாடி போட்ட குழிகளில் மீடியம் (செல்லுக்கு ஊட்டம் தரும் திரவம்) அடர் ரோஜா நிறம், காரம் ஏறிவிட்டது என்று அர்த்தம். பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது. துகள்கள் பக்கத்தில் செல்கள் உருண்டு மிதக்கின்றன. கண்ணாடியில் இருக்கும் சோடியம் வெளியே வந்து, பதிலுக்கு நீரின் ஹைட்ரஜன் அயனி உள்ளே போகிறது, அதனால் காரத்தன்மை எகிறுகிறது. வாயில் ரத்தமும் திசுநீரும் ஓடிக்கொண்டே இருப்பதால் இது ஓரளவு சமாளிக்கப்படும், 37 டிகிரியில் மூடி வைத்த ஒரு சின்னக் குழியில் எங்கே ஓடும்? துகள்களை இரண்டு நாள் மீடியத்தில் ஊறவைத்து, அதைக் கொட்டிவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். "கண்ணாடி செல்லைக் கொல்கிறது" என்று அவசரப்பட்டு எழுதாமல் இருந்தேனே, அதுவரை சரி.

ஜூலை 13

ஊறவைத்தது வேலை செய்தது, நிறம் மாறவில்லை. ஹைட்ராக்சிஅபடைட் துகள்மேல் செல்கள் ஏறிப் படர்ந்திருக்கின்றன. மீடியத்தில் சேர்த்த சீரத்தில் இருக்கும் ஃபைப்ரோனெக்டின் மாதிரியான புரதங்கள் அதன்மேல் முதலில் படிவதால் செல்லுக்குப் பிடிமானம் கிடைக்கிறது.

ஆகஸ்ட் 3

21 நாள் முடிந்து, செல்கள் கனிமம் படியவைத்திருக்கின்றனவா என்று பார்க்க அலிசரின் ரெட் சாயம். எல்லாம் சிவப்பு, அப்படிச் சிவப்பு! போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டு, வாழ்த்தெல்லாம் வாங்கி, அப்புறம்தான் செல்லே போடாமல் வெறும் துகள் வைத்த குழியைப் பார்த்தேன். அதுவும் அதே சிவப்பு. அலிசரின் கால்சியத்தைப் பிடிக்கும் சாயம், நான் போட்டதே கால்சியம். ஆட்டோக்காரரின் எக்ஸ்ரேயில் நான் ஏமாந்த அதே ஏமாற்று, இந்தத் தடவை கலரில்.

ஆகஸ்ட் 4

மேம் திட்டவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "துகளைச் சல்லடைத் தட்டில் மேல வை, செல்லைக் கீழ வளர். கரைஞ்சு வர்றது மட்டும் கீழ போகட்டும்" என்றார். போகிறபோக்கில் இன்னொன்றும் கேட்டார்: "அது எலும்பா மாறணும்னு நீ ஏன் ஆசைப்படற?"

ராத்திரி முழுக்க அதே யோசனை. நார் செல் எல்லாமே எலும்பு கட்டப் போய்விட்டால் பல் எலும்போடு ஒட்டிப்போகும், அது வெற்றியே இல்லை. கனிமம் படிகிறதா என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன், அது இன்னும் நாராகவே இருக்கிறதா என்று கேட்கவில்லை. நார் செல்லுக்கு அடையாளமாகப் பார்க்கும் பெரியாஸ்டின் என்ற புரதத்தின் அளவையும் பார்க்க வேண்டும்.

ஆகஸ்ட் 5

பெரியாஸ்டின் மரபணுவை அளக்கத் தேவையான ப்ரைமருக்கு (குட்டி டிஎன்ஏ துண்டு) இண்டென்ட் கொடுத்தாயிற்று. வர ஒரு மாதம் ஆகும் என்றார் ஸ்டோர் அண்ணன். பல்லுக்குக் கம்பி போடும் ஆர்த்தோ ஓபியில் அடுத்த பல்லுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.