அடித்தல் திருத்தல்

ஜூன் 4

தாகூரின் ‘பூரபி’ கவிதைத் தொகுப்பின் கையெழுத்துப் பக்கங்களின் அச்சுப்படிகளை இன்றிரவு மீண்டும் எடுத்துப் பார்த்தேன். 1924ஆம் ஆண்டின் இறுதியில் பெரு நாட்டுக்குப் புறப்பட்டவர், வழியில் நோயுற்று அர்ஜென்டினாவில் இறங்கி, புவெனஸ் ஐரிஸுக்கு அருகே சான் இசித்ரோவில் அந்நாட்டு எழுத்தாளர் விக்டோரியா ஒகாம்போவின் விருந்தினராகத் தங்கியிருந்தபோது அந்தக் கவிதைகளில் பலவற்றை எழுதினார். எனக்கு வங்காள எழுத்து தெரியாது. அதனாலேயே என் கண் நேராக அடித்தல்களுக்குப் போய்விடுகிறது.

ஜூன் 5

பூதக்கண்ணாடியை வைத்து ஒரு பக்கத்திலேயே ஒரு மணி நேரம் கழிந்தது. வேண்டாத சொல்லை ஒரு கோட்டால் அடித்துவிட்டு அவர் அடுத்த வரிக்குப் போய்விடவில்லை. அடித்த இடத்தை மையால் கெட்டியாக நிரப்பி, சற்றுத் தள்ளி அடிபட்டுக் கிடக்கும் வேறொரு சொல்லோடு அதை ஒரு வளைகோட்டால் இணைக்கிறார். அந்தக் கோடு கழுத்தாகிறது, இன்னொரு அடித்தல் அலகாகிறது, தப்பிப் பிழைத்த வரிகள் அந்தப் பெயரற்ற பிராணியின் உடலைச் சுற்றி ஒதுங்கி நிற்கின்றன.

ஜூன் 8

இதைப் பொழுதுபோக்குக் கிறுக்கல் என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அடிபட்ட இடங்கள் பாவிகளைப்போல மீட்சி கேட்டுக் கதறியதாகவும், எழுத வேண்டியதை எழுதுவதைவிட அவற்றை ஒரு லயத்துக்குள் கொண்டுவந்து சேர்ப்பதிலேயே பலமுறை அதிக நேரம் செலவிட்டதாகவும் அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். சந்தம் தேடிய அதே கைதான், சந்தத்துக்கு ஒவ்வாத சொல்லுக்கும் ஓர் இடம் தேடியிருக்கிறது.

ஜூன் 9

அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுத வேண்டும் என்று பள்ளியில் பழகியவன் நான்; திருத்திய தாளை நல்ல தாளில் படியெடுத்தவுடன் கிழித்துவிடுவேன். இருபது ஆண்டுகளில் எழுதிய எந்தக் கவிதைக்கும் முதல் வரைவு என்னிடம் இல்லை. அந்த இழப்பு இன்றுதான் வலித்தது.

ஜூன் 13

அந்த நோட்டைக் கண்டு வியந்து, சில பக்கங்களைப் புகைப்படமெடுக்க அனுமதி கேட்டவர் ஒகாம்போ. எழுபதை நெருங்கிய தாகூரின் முதல் ஓவியக் கண்காட்சி 1930 மே மாதம் பாரிஸின் பிகால் கலைக்கூடத்தில் நடக்க முன்னின்று உதவியவரும் அவரே. பிற்காலத்தில் தாகூர் வரைந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட படங்களில் பெரும்பாலானவற்றுக்கு அவர் தலைப்பு வைக்கவில்லை. அவற்றிலுள்ள பறவை ஒன்றைக் கையெழுத்துப் பக்கத்தின் அருகில் வைத்துப் பார்த்தேன்: கழுத்தில் அதே வளைவு, உடலில் அதே கெட்டி மை, அடியில் மட்டும் சொல் ஏதும் இல்லை.