எங்களுக்கு ஒரு தடவை போதுமே

வயதான ஓர் அம்மா கீழே விழுந்து தலையில் அடிபட்டு வந்திருந்தார். ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை. நெற்றியில் தையல் போட்டாயிற்று. அந்த அம்மா தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு அனுப்பும் நேரத்தில் மகள் கேட்டார்: "இந்த ரத்தம் உறையாம இருக்கிற மாத்திரையை நிறுத்திடலாமா டாக்டர்?"

வேண்டாம் என்றேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனால் அதற்கு நான் சொன்ன காரணம் இன்னும் உறுத்துகிறது.

அவருக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். இதயம் தாறுமாறாகத் துடிப்பதால் உள்ளே ரத்தம் தேங்கிக் கட்டியாகும். அது மூளைக்குப் போய் அடைத்தால் பக்கவாதம். அதைத் தடுக்கத்தான் வார்ஃபரின் என்ற அந்த மாத்திரை. மகளின் பயமும் வீண் பயம் இல்லை. வயது ஏற ஏற மூளை சுருங்கும். மூளையிலிருந்து மேலுறைக்குப் போகும் சிறு ரத்தக்குழாய்கள் இழுபட்டு நிற்கும். லேசாக இடித்துக்கொண்டால்கூட அவை கிழியலாம். கசிவு மெதுவாகச் சேர்ந்து, சில வாரங்கள் கழித்து நடையில் தள்ளாட்டமாகவோ பேச்சில் குழப்பமாகவோ தெரியவரும். வீட்டில் அதை 'வயசாயிடுச்சு' என்று விட்டுவிடுவார்கள். மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் கூடுதல்.

நான் சொன்னது 1999இல் வந்த ஒரு ஆய்வின் கணக்கை. வருடத்துக்குச் சுமார் 295 தடவை விழுந்தால்தான் இந்தக் கசிவின் ஆபத்து வார்ஃபரினின் நன்மையை மிஞ்சும் என்பது அது.

"எங்களுக்கு ஒரு தடவை போதுமே டாக்டர்."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்த 295 யாரும் விழுந்து விழுந்து எண்ணிய எண் இல்லை. சில அனுமானங்களை வைத்துப் போட்ட சராசரிக் கணக்கு. அது எனக்கும் தெரியும். வெளியே அடுத்த நோயாளி காத்திருக்கும்போது அப்படி ஓர் எண் பேச்சைச் சீக்கிரம் முடித்துவைக்கிறது. அதற்காகத்தான் சொன்னேனா? பயத்தில் மாத்திரையை நிறுத்திவிட்டுப் பக்கவாதத்தோடு வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். அந்தப் பயத்துக்கு எதிராக எதையாவது அழுத்திச் சொல்லித்தானே ஆகவேண்டும்?

அப்புறம்தான் அந்த அம்மா பக்கம் திரும்பினேன். "உங்களுக்கு எது பயம்மா?"

"விழுந்து போய்ச் சேர்ந்தா சேர்ந்துட்டுப் போறேன். கைகால் விளங்காமக் கெடக்கக் கூடாது."

மகள் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. மாத்திரை தொடர்ந்தது. தலைவலி, வாந்தி, வழக்கத்துக்கு மாறான தூக்கம், தடுமாற்றம், இதில் எது வந்தாலும், ஒரு மாதம் கழித்து வந்தாலும், உடனே கூட்டிவரச் சொல்லி அனுப்பினேன்.

அவர் சொன்னது என் முடிவோடு ஒத்துப்போனதால் எனக்கு நிம்மதி. 'நிறுத்திடுங்க' என்று சொல்லியிருந்தால் அதே மரியாதையோடு கேட்டிருப்பேனா? கேட்டிருப்பேன் என்றுதான் நம்புகிறேன். இன்னொன்றும் இருக்கிறது. மகளை அருகில் வைத்துக்கொண்டுதான் கேட்டேன். அந்தப் பதிலில் அவருடைய விருப்பம் எவ்வளவு, மகளுக்குப் பாரமாகிவிடக் கூடாது என்ற எண்ணம் எவ்வளவு? தனியாகக் கேட்டிருந்தால் வேறு பதில் வந்திருக்குமோ என்னவோ.