அதிமதுரமும் நெஞ்சில் கோக்கும் நீரும்

மார்கழிக் கச்சேரிகள் நெருங்கும்போது தொண்டைக்கு ஒரு துண்டு அதிமதுரத்தை வாயில் அடக்கிக்கொள்வது சென்னையில் பழகிய வழக்கம். அதில் பயமில்லை. எங்கள் கவலையெல்லாம், 'நாட்டு மருந்துதானே' என்று வாரக்கணக்கில் கஷாயமாகக் குடிக்கும் இதய நோயாளிகளைப் பற்றித்தான்.

அந்த வேரின் தித்திப்பு கிளைசிரைசிக் அமிலத்தால் வருவது. சிறுநீரகத்தில் கார்டிசோல் என்ற ஹார்மோனைச் செயலிழக்க வைக்கும் நொதி ஒன்று உண்டு. குடலில் இந்த அமிலம் உடைந்து உருவாகும் பொருள் அந்த நொதியை முடக்கிவிடும். பிறகு கார்டிசோலே, உப்பைத் தக்கவைக்கும் ஹார்மோனான ஆல்டோஸ்டிரோனின் வேலையைச் செய்யத் தொடங்கும்: உப்பும் நீரும் உடம்பில் தங்கும், பொட்டாசியம் சிறுநீரில் வெளியேறும், பிரஷர் ஏறும். 1940களிலேயே நெதர்லாந்தில் வயிற்றுப்புண்ணுக்கு அதிமதுரச் சாறு சாப்பிட்டவர்களுக்கு உடம்பு வீங்கியதைக் கவனித்திருக்கிறார்கள்.

நெஞ்சில் நீர் கோக்கும் இடம் நுரையீரலைச் சுற்றியுள்ள உறை. அதை இந்த அமிலம் நேராகத் தாக்குவதில்லை. தேங்கிய நீரைத் தள்ள முடியாமல் பலவீனமான இதயம் திணறும்போதுதான் உறைக்குள் நீர் கோக்கிறது. சாதாரணமாக அங்கே இருப்பது சில மில்லி மட்டுமே. நின்றபடி நெஞ்சுக்கு நேராக எடுக்கும் எக்ஸ்ரேயில் தெரிய ஏறக்குறைய 200 மில்லி சேர வேண்டும்; ஸ்கேனில் அதைவிட மிகக் குறைவாக இருந்தாலே தெரியும்.

அளவைப் பாருங்கள். ஐரோப்பிய நிபுணர் குழு சொன்ன வரம்பு நாளைக்கு 100 மில்லிகிராம் அமிலம். வேரில் 4 சதவீதம் என்று வைத்தால் 3 கிராம் பொடியிலேயே 120 மில்லிகிராம் வந்துவிடும். வேருக்கு வேர் இது பெரிதும் மாறும் என்பதால் 'ஒரு ஸ்பூன்' கணக்கை நம்ப முடியாது. லாசிக்ஸ் போன்ற நீர் மாத்திரை சாப்பிடுகிறவருக்குப் பொட்டாசியம் இரட்டிப்பாக இறங்கும். இதய மருந்தான டிகாக்சினும் சேர்ந்தால் இதயத் துடிப்பே தடுமாறலாம்.

நீர் கோத்தவர்கள் எல்லோருக்கும் அதிமதுரம்தான் காரணம் என்று எண்ணிவிடக் கூடாது. நம் ஊரில் டிபியை முதலில் விலக்க வேண்டும். ஊசியால் எடுத்த நீரின் புரதம் ரத்தப் புரதத்தில் பாதிக்கு மேல் இருந்தால், உப்பு-நீர்த் தேக்கத்தைத் தாண்டித் தேட வேண்டும். அந்த நீரில் ஏடிஏ என்ற நொதியின் அளவு 40க்கு மேல் போனால் டிபி சந்தேகம் வலுக்கும். இதயத்தால் கோத்த நீரில் பெரும்பாலும் புரதம் குறைவு.

கால் வீங்கி, படுத்தால் மூச்சு வாங்கி, பொட்டாசியம் 3.5க்குக் கீழே இருந்தால், குடிக்கும் கஷாயம், லேகியம் எல்லாவற்றையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். பொட்டலத்தையே எடுத்துப் போவது இன்னும் நல்லது. நிறுத்திய மறுநாளே சரியாகாது. நொதி மீள இரண்டு வாரம்கூட ஆகலாம். அதுவரை பிரஷரையும் பொட்டாசியத்தையும் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டியிருக்கும்.